கட்டிலோர டப்பாவில் மட்டும் மணல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவை எடுப்பேன். விளக்கில் எண்ணெய் குறைந்த மாதிரி இருக்கும், எழுந்து போய்விடுவேன். எழுதினால் விபூதியைக் குறை சொன்னவள் ஆகிவிடுவேனோ என்று ஒரு பயம். எழுதாமல் விட்டால் எந்த வீட்டிலோ யாருடைய முதுகோ புண்ணாகுமே என்று இன்னொரு பயம். நான் எட்டாவது வரை படித்தவள். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். நாங்கள் பாரிவாக்கத்துப் பழைய குடி. நிலமெல்லாம் விற்று அதன் மேல் ஃபிளாட் வந்துவிட்டது. வீடு மட்டும் மிஞ்சியது. அவர் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அதில் ஒரு சிட்டிகை விபூதி போடுவார். அரிசி மூட்டை பிரித்தால் அதில். ஸ்கூட்டர் வாங்கியபோது அதன் சீட்டுக்கு அடியில். மகளுடைய காலேஜ் பையில். ஒருமுறை நான் போட்டுவைத்த ஆவக்காய் ஜாடியிலும் போட்டுவிட்டார்.

"இன்னாங்க, ஊறுகாயிலயுமா?" என்றேன்.

"முருகனுக்குத் தெரியாம நம்ம ஊட்ல எதுவும் நொழையக் கூடாதுமே. ஊறுகாய்க்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?" என்றார்.

அந்த மனிதர் ஒரு புரட்டாசிக் காலையில் குளித்துவிட்டு வெளியே வரும்போது விழுந்தார். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் வாயில் நின்றது. பசித்தால் அதைத்தான் சொல்வார். வலித்தாலும் அதைத்தான். அழும்போதும் அதைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க பேசுறது அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. புரியாமலே இருக்கலாம். அதை விடுங்க. தோலைப் பாத்துக்கோங்க. படுத்த படுக்கையில இருக்கிறவங்களுக்கு முதுகுத் தோல் ஒருதடவை ஒடைஞ்சா அப்புறம் ஆறுறது ரொம்பக் கஷ்டம். திருப்பித் திருப்பிப் படுக்க வைங்க. தோல் காயாம பாத்துக்கோங்க."

எனக்கு அன்றைக்கு விளங்கிய ஒரே வேலை அதுதான். மற்றதெல்லாம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. தோல் உடையக் கூடாது. அவ்வளவு.

குமணன்சாவடி மருந்துக் கடையில் வாங்கின லோஷன் எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாசனைக்கு என்ன போடுகிறார்களோ, பூசின இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. வெறும் தேங்காய் எண்ணெய் பூசினால் விரிப்பில்தான் ஏறியது. தோல் மறுபடி காய்ந்து, காற்று பட்ட சப்பாத்தி மாதிரி ஆகிவிடும்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு பெண் இருந்தாள். கோயமுத்தூர்க்காரி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. தனக்கு வேண்டிய கிரீமெல்லாம் தானே செய்துகொள்வாள். அவரைப் பார்க்க வந்தவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, நாம வீட்டுலயே செஞ்சு பாக்கலாமுங்களா? வாசனை ஒண்ணும் போடாம?" என்று கேட்டாள்.

"எனக்கு வருமா?"

"ரசம் வைக்கிறீங்கள்ல? வரும்."

ரசம் மாதிரி இல்லை. எண்ணெய் ஒரு பாத்திரம், தண்ணீர் ஒரு பாத்திரம். எண்ணெயில் ஒரு வெள்ளை மெழுகு போட வேண்டும். அதன் ஆங்கிலப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைப்பது அதுதான். இரண்டு பாத்திரத்தையும் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றி, கையில் பிடிக்கும் பிளெண்டரால் கடைய வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து சில சொட்டு. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமலே வரும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

முதல்முறை நான் எண்ணெயை மட்டும் சூடாக்கினேன். தண்ணீரும் சூடாக வேண்டும் என்று அவள் சொன்னது மறந்துவிட்டது. குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். மெழுகு சின்னச் சின்னக் கட்டியாக உறைந்து, திரிந்த பால் மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் வேலப்பன்சாவடியிலிருந்து வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. என்னைவிடப் பெரியவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"இன்னாடி இது, பன்னீர் செய்றியா?"

"கிரீம் அண்ணி. உங்க தம்பிக்கு."

"இத்தப் பூசினா எம் தம்பிய எறும்பு தூக்கினு பூடும்டி."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் சிரிப்பதும் பாத்திரம் துலக்குவது மாதிரி ஒரு வேலைதான்.

அடுத்தமுறை இரண்டையும் ஒரே சூட்டில் வைத்தேன். நன்றாகத்தான் சேர்ந்தது. இரண்டு நாளில் மேலே தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, குழாயிலேயே வெள்ளை படியும். அதைச் சொன்னதும் அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தத் தண்ணி ஆகாதுங்க்கா. உப்பு இருந்தா மெழுகு பிடி விட்டுரும். சுத்தமான தண்ணியா வாங்குங்க." நான் சுத்தமென்றால் இதுதான் என்று பெட்ரோல் பங்க் பக்கத்தில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வந்தேன்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏனுங்க்கா, அண்ணனென்ன வண்டிங்களா?"

கட்டிலில் இருந்து அவர் "சரி" என்றார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் அது சும்மா வந்த சத்தம் என்று நினைத்தேன்.

கேன் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றிய பிறகு தண்ணீர் விடுவது நின்றது. ஆனால் பூசினால் சோப்பு நுரை மாதிரி வெள்ளை வெள்ளையாக நின்றது. மெழுகு அதிகம், கடைந்ததில் காற்றும் ஏறிவிட்டது என்றாள். மெழுகைக் குறைத்தோம். கடையும்போது பிளெண்டரை மேலே தூக்காமல் அடியிலேயே வைத்தோம். மார்கழியில் இன்னொரு சிக்கல். தேங்காய் எண்ணெய் உறையும் குளிரில், அவள் சேர்க்கச் சொன்ன ஷியா வெண்ணெய், ஏதோ வெளிநாட்டுக் கொட்டையின் கொழுப்பாம், மெதுவாக ஆறி, ரவை ரவையாகக் கட்டிக்கொண்டது. அதற்கு, சூடு இறங்கும்போதே பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, ஆறும் வரை கை விடாமல் கிண்ட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்து, பொங்கல் வரும்போது கிரீம் கிரீமாகவே வந்தது. விரலில் எடுத்தால் நிற்கும். தோலில் வைத்தால் உருகிப் போய்விடும். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு, சரி, இனி இதை இப்படியே செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

காலையில் என் வேலை இப்படிப் போகும். விளக்கேற்றி, விபூதித் தட்டை எடுத்து வந்து அவர் நெற்றியில் பூசுவேன். தட்டைக் கட்டிலோர ஸ்டூலில் வைப்பேன். அதே ஸ்டூலில்தான் கிரீம் டப்பா. அடுப்பில் கஞ்சியை இறக்கிவிட்டு வந்து அவரைத் திருப்பி, துடைத்து, கிரீம் பூசுவேன். தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். ஒரு தரம் செய்கிற கிரீமை இரண்டு டப்பாவில் ஊற்றுவேன். ஒன்று ஸ்டூலில், ஒன்று அலமாரியில்.

மாசி மாதத்தில் கிரீம் மறுபடி மணல் மணலாக ஆனது. அதோடு இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது வெளுக்கவில்லை. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கஞ்சி பொங்கி வழியும் சத்தம் கேட்டு அடுப்பை அணைக்கப் போனேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த இடம் அழுந்தும்படி படுக்க வைக்கவே கூடாது, இன்னும் அடிக்கடி திருப்ப வேண்டும், சொரசொரப்பாக எதுவும் அங்கே படக் கூடாது என்றார். விரிப்பை மாற்றினேன். கிரீமை என்ன செய்வது? திரும்பச் செய்தேன், குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கை வலிக்கக் கிண்டினேன். செய்த அன்றைக்கு வெண்ணெய். சில நாளில் மறுபடி மணல். டப்பாவின் ஓரத்தில் தண்ணீரும் கசிந்தது.

அண்ணி வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கும்டி. எதிர் ஊட்டுக்காரி கண்ணு" என்றார்.

"அவதான் அண்ணி சொல்லிக் குடுத்ததே."

"சொல்லிக் குடுத்தவ கண்ணுதான் மொதல்ல படும். டப்பாவச் சுத்திப் போடு."

டப்பாவுக்குச் சுற்றிப் போட்டோம். சொன்னால் சிரிப்பீர்கள். உப்பும் மிளகாயும் வைத்து, கிரீம் டப்பாவுக்கு.

பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் கட்டிலோர டப்பாவிலிருந்து துளி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என் கையிலும் வைத்தாள். "தேய்ச்சுப் பாருங்க்கா. ஷியா வெண்ணெய் கட்டினதுன்னா கைச்சூட்டுல கரைஞ்சிரும். கரையுதுங்களா?"

கரையவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சொரசொரவென்று கையிலேயே நின்றது.

"அப்ப இது கிரீம்ல இருந்து வந்ததில்லைங்க்கா. வெளிய இருந்து விழுந்திருக்கு. அலமாரி டப்பாவ எடுங்க."

எடுத்தேன். அதே நாள், அதே பாத்திரம். வெண்ணெய் மாதிரி இருந்தது. மணல் கட்டிலோர டப்பாவில் மட்டும்.

"சுவர்ல இருந்து சுண்ணாம்பு உதிருதுங்களா? மூடி போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையை மோந்து பார்த்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள். கோயில் வாசனை. அவள் ஸ்டூலைப் பார்த்தாள். விபூதித் தட்டும் டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில். "கை தவறிக் கொட்டியிருக்குமுங்க்கா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு மீட்டிங் இருந்தது, போய்விட்டாள்.

மறுநாள் காலையில் புது டப்பாவை ஸ்டூலில் வைத்தேன். நெற்றியில் பூசி, தட்டை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கதவோரம் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அவருடைய இடது கை மெதுவாக நகர்ந்தது. நடுங்கிக்கொண்டே தட்டைத் தொட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்தன. டப்பா மூடி லேசாகத்தான் வைத்திருந்தது. அதைச் சுண்டுவிரலால் தள்ளினார். போட்டார். பாதி ஸ்டூலில் சிந்தியது. மூடியைத் திரும்ப இழுத்து வைக்க ரொம்ப நேரம் முயன்றார். வைத்தும்விட்டார். பிறகு கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அரிசி மூட்டைக்குப் போட்ட மனிதர். ஊறுகாய்க்குப் போட்ட மனிதர். புரியாமலே இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன மனிதர்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. அடுப்படிக்குள் போய்க் கஞ்சியை ஆற்றினேன். ஆறிய கஞ்சியை மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"இன்னாங்க, முருகனுக்குச் சொல்லிட்டீங்களா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சரி" என்றார். இந்தமுறை நான் அதைச் சும்மா வந்த சத்தம் என்று நினைக்கவில்லை.

விபூதி சாம்பல்தான். சுவாமி பிரசாதம், நெற்றிக்கு உகந்தது, வாயில் போட்டுக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால் அவர் தோல் மெலிந்து போயிருந்தது. அதில் சாம்பல் துகள் உரசினால் உரசல்தான். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கிரீமின் பிடியையும் விட வைக்கும் என்று அந்தப் பெண் பிறகு விளக்கினாள். அதற்காக அவர் கையைத் தடுக்க என்னால் முடியுமா? அவரிடம் மிச்சமிருந்த ஒரே வேலை அது. வீட்டுக்காரர் செய்யும் வேலை.

அதனால் ஸ்டூலில் ஒரு குட்டி டப்பா வைத்தேன். அதில் வழித்துப் போட்ட கொஞ்சம் கிரீம். அவர் விபூதி அதில் விழும். அவர் முதுகுக்கு அலமாரி டப்பா. ஸ்டூல் டப்பாவில் உள்ளதை நான் என் நெற்றியில் வைத்துக்கொள்வேன். மிச்சத்தை என் குதிகால் வெடிப்பில் பூசுவேன். சாமி பிரசாதத்தைக் காலில் பூசலாமா என்று கேட்பீர்கள். அவர் எனக்காகவும்தானே போட்டார் என்று நினைத்துக்கொண்டேன். முருகன் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. தோல் உடையவில்லை. கிரீம் மட்டும் காப்பாற்றவில்லை. திருப்பிப் படுக்க வைத்தது, விரிப்பு சுருங்காமல் பார்த்தது, இதெல்லாம் சேர்ந்துதான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதற்குள் அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன், தம்பி தானே கை நீட்டி கிரீமில் விபூதி போட்டார் என்று. அவர் அழுதார், தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பிவிட்டார். "எம் தம்பி முதுவுல இருந்த புண்ணு விபூதி கலந்த கிரீம்ல ஆறிப்போச்சு. எல்லாரும் பூசுங்க. முருகன் கீறான்." புண்ணே வரவில்லை. விபூதி கலந்ததை அவர் முதுகில் பூசுவதை நிறுத்தின பிறகுதான் சிவப்பு போனது. ஆனால் அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. திருத்த எனக்கு மனம் வரவில்லை. அது குரூப் குரூப்பாகப் போனது. கோயில் வாசலில் எனக்கே ஒரு அம்மாள் போட்டுக் காட்டினார், இது என் வீட்டுக் கதை என்று தெரியாமல். அதற்குள் அது 'ஒரே ராத்திரியில் ஆறியது' என்று ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரர் அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே. குளிப்பாட்டினவர்கள் வெளியே வந்து, "இத்தினி நாள் படுத்த ஒடம்பு மாதிரியே இல்லக்கா. ஒரு கீறல் கெடையாது" என்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்து, "பாத்தியாடி, விபூதி" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்போதும் அழுகை வரவில்லை. ஸ்டூலில் குட்டி டப்பா இருந்தது. அன்றைய சிட்டிகை அதில் விழவில்லை. மேலே வழவழவென்று இருந்தது. மூடி வைத்தேன்.

போன மாதம் குமணன்சாவடி மருந்துக் கடையில் நின்றபோது ஒரு பெண் தன் அம்மாவின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுத்துணி வாங்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரரிடம் சொன்னாள். "போன்ல வந்துச்சுண்ணே, கிரீம்ல விபூதி கலந்து புண்ணுல வச்சா ஆறிடும்னு. வச்சோம். சீழ் வச்சுக்கிச்சு." நான் அவள் தோளைத் தொட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போம்மா, இன்னிக்கே" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அண்ணிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "எனக்கு எழுத வராதுடி. நீ எழுது" என்றார்.

அதனால்தான் இது. விபூதியை நெற்றியில் பூசுங்கள், வாயில் போட்டுக்கொள்ளுங்கள், அரிசி மூட்டையில் போடுங்கள். கிரீமில் கலக்காதீர்கள், புண்ணில் வைக்காதீர்கள். கிரீம் மணல் மணலாக ஆனால் உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். கரையாவிட்டால் அதை உடம்பில் பூசாதீர்கள். யார் எதைப் போடுகிறார்கள் என்று கதவோரம் நின்று ஒரு காலை பாருங்கள்.

இதைப் பிறருக்கு அனுப்புகிறவர்கள் இப்படியே அனுப்புங்கள். அதிசயம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டாம். அண்ணியைக் குறை சொல்லி ஒரு வரியும் வேண்டாம். என் வீட்டுக்காரர் கை நடுங்கிய இடத்தை விட்டுவிடவும் வேண்டாம். பாதி ஸ்டூலில் சிந்தியது என்பதுவரை, நடந்தது அவ்வளவுதான்.